நீலப் பலகைச் சவுனா

...இல்ல தம்பி, மூக்கப் பொத்தாதீங்க. பொத்தினா பழகவே பழகாது. நல்லா ஒரு தடவ ஆழமா இழுத்து விட்டுட்டீங்கன்னா அப்புறம் ஒண்ணும் தெரியாது. பெட்ரோல் போயி எத்தனையோ வருஷமாச்சு. வாசனைதான் போக மாட்டேங்குது. உள்ள வாங்க, குனிஞ்சு வாங்க. ஆ... குனிங்கன்னு சொன்னேன்ல. பரவால்ல, எல்லாரும் அங்கதான் இடிச்சுக்குவாங்க. எங்க சர்ச் பாஸ்டரும் இடிச்சுக்கிட்டாரு.

பேப்பர்ல பாத்துத்தான வந்தீங்க? "சவுனா, இலவசம், பிரிச்சு எடுத்துட்டுப் போகணும்"னு. அது எம் பொண்டாட்டி ஹில்யா குடுத்த விளம்பரம். நான் குடுத்திருந்தா "நல்ல"ன்னு ஒரு வார்த்தையாவது சேர்த்திருப்பேன். அவளுக்கு அது கூட மனசு வரல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது இங்கருந்து போயிரணும். போகலன்னா அவ அண்ணன் ஊர்ஹோ கோடாலியோட வர்றான். என் மச்சான்தான். எங்க வீட்டுல கூரை ஒழுகுதுன்னு நாலு மழைக்காலம் கூப்பிட்டேன், வரல. இதை உடைக்கணும்னு சொன்னதும் நேத்தே கோடாலிய சாணை புடிச்சு வச்சிட்டானாம்.

அடுத்த சனிக்கிழமை சம்பந்தி வர்றாங்க, அதுதான் அவசரம். எம் பொண்ணு ஐலிக்கு சேலம்ல... ஆமா ஆமா, இந்த ஓரெகன் மாநிலத்துச் சேலம்தான்... அங்க மாப்பிள்ளை பாத்திருக்கா. அவளே பாத்துக்கிட்டா. நல்ல பையன், எங்க ஃபின்லாந்துக் கூட்டத்துப் பையன் இல்ல, ஆனா நல்ல பையன். அவன் அப்பா அம்மா மொத மொத வீட்டுக்கு வர்றாங்க. எங்காளுங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா மொதல்ல சவுனாவுல ஆவிக் குளியல், அப்புறம்தான் காப்பி, பேச்சு எல்லாம். அவங்கள இதுல உக்கார வச்சு, பலகைச் சாயம் ஒட்டி நீலமா அனுப்பினா நல்லாருக்குமான்னு கேக்குறா ஹில்யா. நியாயந்தான். நான் நியாயம் இல்லன்னு சொல்லல.

நீங்க மூணாவது ஆளு. மொத ஆளு வாசல்லயே நின்னு மோந்து பாத்துட்டுப் போயிட்டான். ரெண்டாவது ஆளு நல்லா கேட்டுட்டே இருந்தான், பாதியில காப்பி குடிச்சிட்டு வர்றேன்னு போனான். போன செவ்வாக்கிழம. இன்னும் குடிச்சுட்டிருக்கான் போல. நீங்க அப்படி இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து ட்ரக்க படகுல ஏத்திக் கொண்டு வந்திருக்கீங்க. கடற்கரையில வாடகைக் குடில் வச்சிருக்கேன்னீங்கல்ல? சிப்பி தோண்ட வர்றவங்களுக்கு. குளிர்ல வெடவெடன்னு வருவாங்க, சவுனா இருந்தா கொண்டாடுவாங்க. நீலமானா என்ன, சிப்பி தோண்ட வந்தவன் எந்த நிறத்துல வீட்டுக்குப் போனா யாருக்கு என்ன?

கடிகாரத்தப் பாக்காதீங்க. படகு இன்னும் இருக்கு.

உக்காருங்க. உக்காந்து பாத்தாத்தான் தெரியும். இது மேல் பலகை, அது கீழ் பலகை. மேல சூடு ஜாஸ்தி. அந்தா அடுப்பு, மேல கல்லு. கல்லு மேல தண்ணிய ஒரு கரண்டி ஊத்தினா புஸ்ஸுன்னு ஆவி வரும். அந்த ஆவியில கொஞ்ச நேரம் வாயத் திறக்காம உக்காரணும். அதுதான் முக்கியம். சவுனாக்குள்ள சத்தம் போடக்கூடாது, சண்டை கூடாது, யாரையும் குறை சொல்லக் கூடாது. சர்ச்சுல எப்படி இருப்பமோ அப்படி. எங்கப்பா இருந்தாரே, வெளிய வந்தா ஊரையே திட்டுவாரு. உள்ள போனா ஊமை. எங்கம்மா அவர உள்ளயே வச்சுப் பூட்டிரலாமான்னு கேப்பாங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? பலகை. தடவிப் பாருங்க. இது சாதாரண மரக்கடைப் பலகை இல்ல தம்பி. ரெண்டாம் உலகச் சண்டையில நான் போன விமானந்தாங்கிக் கப்பலோட மேல்தளம். நெஜமாத்தான். இது மேல விமானம் எறங்கியிருக்கு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துல எத்தனை சக்கரம் தேச்சிருக்கும்னு நினைக்கிறீங்க?

பெரிய கப்பல்னு நெனைச்சுக்காதீங்க. குட்டி. சரக்குக் கப்பல் ஒடம்புல மேல பலகைய அடிச்சு, இந்தா விமானந்தாங்கின்னு குடுத்துட்டாங்க. "சிலெட்ஸ் பே"ன்னு பேரு. சரக்குக் கப்பல் கூட்டமாப் போகும், நாங்க கூடப் போகணும், காவலுக்கு. அப்புறம் தீவு தீவா சண்டை நடக்கும், அங்க போகணும். பெரிய விமானந்தாங்கி எல்லாம் ராஜா மாதிரி போகும். நாங்க பின்னாடி வேலைக்காரன் மாதிரி மூச்சு வாங்கிட்டே போவோம். எங்க பசங்க இந்த வகைக் கப்பலுக்கு ஒரு விளக்கம் வச்சிருந்தாங்க: எரியும், உடையும், போனாலும் போகட்டும். சாப்பாட்டு வரிசையில நின்னுக்கிட்டு கோரஸாச் சொல்லுவாங்க.

எனக்கு அப்ப முப்பத்தேழு வயசு. மத்தவன் எல்லாம் மீசை முளைக்காத பசங்க. என்னத் தாத்தான்னுதான் கூப்பிடுவாங்க. மேல்தளத்துல விமானத்தத் தள்ளுற வேலை எனக்கு. பகல் பூரா தள்ளு, நிறுத்து, கட்டு, அவிழு. அதுல எண்ணெய் ஒழுகும், பெட்ரோல் ஒழுகும், எல்லாம் எங்க குடிக்கும்? இந்தப் பலகைதான். அது போதாதுன்னு நீலச் சாயம். மேல பறக்குறவன் கண்ணுக்குக் கடல் மாதிரி தெரியணும்னு தளம் பூரா நீலச் சாயம் அடிப்போம். கொஞ்சம் வெளுத்தா மறுபடி. வெளுத்தா மறுபடி. நானே எத்தனை வாளி ஊத்தித் தேச்சிருப்பேன்...

ஆமா. அதே நீலந்தான். உங்க பேண்டுல ஒட்டியிருக்கு பாருங்க, அதேதான். தட்டாதீங்க, தட்டினா பரவும்.

கட்டினது எங்கன்னா, இதே ஆத்துல மேல போனா வான்கூவர் இருக்குல்ல, கனடா வான்கூவர் இல்ல, நம்ம பக்கத்து ஊரு, அங்கதான். கட்டினாங்கன்னு சொல்றதா, சுட்டு எடுத்தாங்கன்னு சொல்றதா? ரொட்டிக் கடையில தட்டு மாத்துற மாதிரி வாரத்துக்கு ஒண்ணு. ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்குப் போயாச்சு. நேத்து வரைக்கும் இங்க மீன டப்பாவுல அடைச்சிட்டிருந்தவ இன்னைக்கு முகமூடி மாட்டிக்கிட்டு வெல்டிங் பிடிக்கிறா. ஹில்யாவும் போனா. ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தா. அத விடுங்க.

அந்தக் கப்பல் இருக்கே, ஏறின நாள்லருந்து ஒரே முனகல். அலை வந்தா கிரீச். திரும்பினா கிரீச். காலையில முதுகு புடிச்ச கெழவி எந்திரிக்கிற மாதிரி ஒவ்வொரு மூட்டா சத்தம் போடும். எனக்குக் கீழ்க் கட்டில்ல மெர்ல்னு ஒருத்தன், நெப்ராஸ்கா சோளக்காட்டுப் பையன். கடலையே பாத்ததில்ல. கிரீச்னு சத்தம் வந்தா போதும், "தாத்தா, பொம்பளை ஒட்டு விட்டுப் போகுது"ம்பான். பொம்பளைங்க வச்ச வெல்டைத்தான் அப்படிச் சொல்லுவான். கப்பல்ல எது சரியில்லன்னாலும் அதுதான். காப்பி ஆறிப் போச்சா, பொம்பளை ஒட்டு. பல்லு வலியா, பொம்பளை ஒட்டு. எல்லாரும் சிரிப்பானுங்க. நானும் சிரிச்சு வச்சேன். பசங்க நடுவுல வேற என்ன பண்றது?

இந்த மெர்ல் ஒரு நாள் கடல்ல விழுந்துட்டான். விமானம் கிளம்புற காத்துல கால் தடுக்கி, குப்பைத்தாள் பறந்த மாதிரி போயிட்டான். பின்னாடி வந்த சின்ன போர்க்கப்பல்காரன் தூக்கிட்டான். அங்க ஒரு பழக்கம் உண்டு தம்பி. எங்க விமானி எவனாவது தண்ணியில விழுந்து அந்தச் சின்னக் கப்பல்காரன் தூக்கினா சும்மா திருப்பித் தர மாட்டான். ஐஸ்கிரீம் கேப்பான். அவன்கிட்ட ஐஸ்கிரீம் போடுற மெஷின் கெடையாது, எங்ககிட்ட உண்டு. ஒரு விமானிக்கு ஒரு பெரிய டப்பா. ரெண்டு கப்பலுக்கும் நடுவுல கயிறு கட்டி, இந்தப் பக்கத்துலருந்து ஐஸ்கிரீம் போகும், அந்தப் பக்கத்துலருந்து ஆளு வரும். ஆனா மெர்ல் விமானி இல்லையே, விமானத்தத் தள்ளுறவன். எங்க கேப்டன் யோசிச்சுட்டு அரை டப்பான்னுட்டாரு. அவனுங்க பேரம் பேசுறானுங்க, இவரு எறங்க மாட்டேங்குறாரு. மெர்ல் அங்க ஈரத்தோட நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டிருக்கான். கடைசியில அரை டப்பாவுக்கே வந்தான். இன்னிக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினா "அரை டப்பா மெர்ல்"னுதான் கையெழுத்துப் போடுறான்.

சிரிக்கிறீங்களே, நல்லது. மொத ஆளு இதுக்கு சிரிக்கவே இல்ல.

சண்டை முடிஞ்சதும் ஆளுங்கள ஊருக்குக் கொண்டு வந்து சேத்தோம். விமானம் நிறுத்துற கூடத்துல கட்டில் மேல கட்டில். ஒருத்தன் குறட்டை விட்டா ஆயிரம் பேரு முழிச்சுக்குவானுங்க. அதோட கப்பல் கதை முடிஞ்சுது. அந்தா தெரியுதே அந்த முனை, டங் பாயிண்ட், அங்க கொண்டு வந்து கட்டிப் போட்டுட்டாங்க. இதே மாதிரி கப்பல் வரிசை வரிசையா, டப்பாவுல மீன் அடுக்கின மாதிரி. எங்க வீட்டு அடுப்படி ஜன்னல்லருந்து பாத்தா அந்தச் சனியன் தெரியும். வருஷக்கணக்கா காலையில நான் காப்பியும் கையுமா நின்னு அதத் திட்டுவேன். துருப்பிடிச்சுப் போயும் நின்னுட்டிருக்கு பாரு, ஓட்டைக் கப்பல், அப்பவே முங்கியிருக்க வேண்டியதுன்னு. ஹில்யா முதுகக் காட்டிக்கிட்டு ரொட்டிக்கு மாவு பிசைவா. பிசையுற வேகம் மட்டும் கூடும்.

அப்புறம் ஒரு நாள் இழுவைப் படகு வந்து கட்டி இழுத்துட்டுப் போச்சு. போர்ட்லண்டுக்கு, உடைக்க. எந்த ஆத்துல எறங்குச்சோ அதே ஆத்துல ஏறிப் போகுது. ஹில்யா கோட்ட மாட்டிக்கிட்டு கரைக்குப் போனா. மழை. அவ பாட்டுக்கு நிக்கிறா. விட்டுது சனியன்னு நான் சொன்னேன். கப்பல் வளைவு தாண்டி மறையுற வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தா.

எனக்கு என்ன ஆச்சுன்னா... எப்படிச் சொல்றது. மறுநாள் காப்பியோட ஜன்னல்கிட்ட நிக்கிறேன், திட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி. ஒரு வாரம் பாத்தேன். மனசு கேக்கல, பஸ் ஏறி போர்ட்லண்டுக்குப் போயிட்டேன்.

கப்பல் உடைக்கிறதப் பாத்திருக்கீங்களா? மேலருந்து உரிச்சுக்கிட்டே வருவாங்க. மொதல்ல மாடம், அப்புறம் தளம், அப்புறம் விலா. ஆளாளுக்கு காஸ் கட்டரப் பிடிச்சுக்கிட்டு கோடு கோடா அறுக்குறான், கிரேன் தூக்குது, அந்தப் பக்கம் உருக்குறதுக்குக் குவியல். இரும்புக்குத்தான் அங்க மதிப்பு. தளத்துப் பலகைய மட்டும் ஓரமாக் குமிச்சிருந்தான், வேணுங்கிறவன் எடுத்துக்கலாம்னு. அதப் பாத்ததும் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எல்லாக் கஷ்டமும் எனக்கு யோசனையாத்தான் வரும்.

கப்பல்ல இருக்கும்போது நடுப்பகல் வெயில்ல இந்தத் தளம் தோசைக்கல் மாதிரி காயும். திடீர்னு ஒரு மழை வந்து போகும் பாருங்க, தளம் பூரா ஆவி. அந்த ஆவிக்குள்ள நிக்கிறப்ப கண்ண மூடிக்குவேன். வீட்டுல இருக்கேன், சனிக்கிழமை, பக்கத்துல ஹில்யா உக்காந்திருக்கா. கண்ணத் திறந்தா மெர்ல் நிப்பான். அவன் மூஞ்சிய அப்ப பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து? அதுனால அந்தப் பலகையில ஒரு சவுனா கட்டி, நெஜமாவே ஹில்யாவ உக்கார வைக்கணும்னு தோணிச்சு. அது தப்பா? நீங்களே சொல்லுங்க.

எல்லாரும் வேண்டாம்னாங்க. சவுனாவுக்கு தேவதாரு போடுவாங்க, பிசின் இல்லாத மரம் போடுவாங்க. இது பிசின் மரம், சூடு பட்டா கசியும். அது போதாதுன்னு எண்ணெய், பெட்ரோல், சாயம். இழைச்சு எடுத்துர்றேன்னு நானும் இழைச்சேன். இழைக்க இழைக்க உள்ளயும் நீலம். ஊர்ஹோ வந்து பாத்துட்டு, "மாப்ளே, இது சவுனா இல்ல, விளக்குத்திரி"ன்னுட்டுப் போனான். விமானத்தக் கட்டிப் போடுற இரும்புப் பட்டை ஒண்ணும் பலகையோடயே வந்துச்சு. அழகாத்தான இருக்குன்னு கழட்டாம விட்டேன். மொத சனிக்கிழமை ஊர்ஹோ அது மேலதான் உக்காந்தான். இன்னும் அவன் தொடையில கோடு இருக்கு. கேட்டாக் காட்டுவான். கேக்கலன்னாலும் காட்டுவான். அன்னைக்கே சூட்டோட சூட்டா வெளிய வந்து ஒரு சுருட்டப் பத்த வச்சுக்கிட்டு மறுபடி கதவத் திறந்தான் பாருங்க... நான் பொறந்த மேனிக்கு அவன் மேல பாஞ்சு ஆத்துப் பக்கம் உருட்டிக்கிட்டே போனேன். பக்கத்து வீட்டம்மா அன்னைலருந்து எனக்கு வணக்கம் சொல்றதில்ல.

ஹில்யா அதுக்கெல்லாம் சிரிச்சா. அதான் எனக்குப் புரியல. முதுகு பூரா நீலக் கோடு விழுந்துச்சு, சிரிச்சா. துண்டெல்லாம் நீலம், சிரிச்சா. நாய் கூட நீலமாச்சு, அதுக்கும் சிரிச்சா. இந்த பாஸ்டர் விஷயத்துலதான் ஏதோ ஆகிப் போச்சு.

பாஸ்டர் ரவுத்தியோவ நான்தான் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், பேசவே மாட்டாரு. வந்து உக்காந்தாரு, தண்ணி ஊத்தினேன், பலகையத் தடவிப் பாத்துட்டு, "இது என்ன மரம், வேய்னோ?"ன்னு எம் பேரச் சொல்லிக் கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டது. நான் சும்மா மரம் பேரச் சொல்லிட்டு விட்டிருக்கலாம். சொல்லிட்டேன். சொன்னதோட, கப்பல் எப்படி, யாரு கட்டினாங்க, பொம்பளைங்க எப்படி ஒட்டி வச்சிருந்தாங்க, எப்படி நாலு பக்கமும் முனகும், நாங்க எப்படி உயிரக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தோம்... அவரு மூணு தடவ கல்லு மேல தண்ணி ஊத்தினாரு. அந்த புஸ்ஸுங்கிற சத்தத்துல நான் நிறுத்துவேன்னு நெனைச்சிருப்பாரு பாவம். சவுனாக்குள்ள பேசக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பலகையப் பாத்தா வாய் தானா வருது.

அடுத்த நாள் ஞாயித்துக்கிழம. சர்ச்சுல கூட்டம், சூடு. அவருக்கு வேர்க்குது. வெள்ளைக் காலர் மெல்ல மெல்ல நீலமாகுது. பிரசங்கம் என்னடான்னா பாவத்தோட கறையப் பத்தி. முன் வரிசைப் பொம்பளைங்க கைக்குட்டைய வாயில அடைச்சுக்கிட்டாங்க.

அதுக்கு அடுத்த சனிக்கிழமை ஹில்யா துண்டை எடுத்துக்கிட்டா, ஆவியில உடம்புல தட்டிக்கிற பிர்ச் எலைக் கத்தைய எடுத்துக்கிட்டா, நேரா அவ அண்ணன் வீட்டுச் சவுனாவுக்குப் போயிட்டா. ரெண்டு மாசமா அப்படித்தான். கல்யாணம் ஆன நாள்லருந்து சனிக்கிழமை சவுனாவுல அவ ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். சண்டை போட்ட வாரம் கூட அப்படித்தான். இப்ப நான் தனியா இந்தப் பலகையில உக்காந்து கல்லப் பாத்துட்டிருக்கேன். திட்டுறதுக்குக் கூட கேக்க ஆளு வேணும்ல தம்பி.

பாஸ்டர் நீலமானதுல அவளுக்கு அவமானம்னு நெனைக்கிறேன். வேற என்ன இருக்கும்? அன்னைக்கு அவ அடுத்த ரூம்ல காப்பி எடுத்து வச்சுட்டிருந்தா. பலகைச் சுவர்தான, எல்லாம் கேக்கும். பாஸ்டர் போனப்பறம் கப்பெல்லாம் கழுவி வச்சிட்டு, திரும்பாம, ஒண்ணே ஒண்ணு கேட்டா: "என்னங்க, அது முங்குச்சா?"

கப்பலத்தான் கேக்குறான்னு எனக்கு ஒடனே புரிஞ்சுது. எப்படின்னா, அவ அத ஏற்கனவே ஒரு தடவ கேட்டிருக்கா. நான் சண்டையிலருந்து வந்த அன்னைக்கு. ஏன்னா பாருங்க, வாரத்துக்கு ஒண்ணா எத்தனையோ கப்பல் எறங்குச்சு. எனக்கு வாய்ச்சது அவ வேலை பாத்த கப்பல். சிலெட்ஸ் பே அடிவயித்துல பாதி வெல்டு அவ கை. அதுனால நான் மூட்டையக் கூட எறக்கி வைக்கல, கப்பல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா. நான் என்ன சொல்றது? கிரீச் கிரீச்னு ஒரே சத்தம், தூங்க விடலன்னேன். முங்கலையேன்னா. "முங்கல, ஆனா முங்கிருக்கும்"னேன். தமாஷாத்தான் சொன்னேன். ஒரு வாரம் பேசல. அன்னைக்கு பாஸ்டர் போனப்பறமும் அதே கேள்வி. நானும் அதே மாதிரி, முங்கல, ஆனா...ன்னு ஆரம்பிச்சேன். வெளக்க அணைச்சுட்டுப் போயிட்டா. மறுநாள் காலையில சொல்லிட்டா, இந்தச் சவுனா வேண்டாம்னு.

பொம்பளைங்க மனசு யாருக்குப் புரியும்? சரி, வாங்க, கூரைய மொதல்ல பிரிக்கலாம். அந்த ஓரத்துலருந்து ஆரம்பிச்சீங்கன்னா...

என்ன சொன்னீங்க?

இல்ல, இப்ப என்னமோ சொன்னீங்களே. அடுப்படியில இருக்க வேண்டியவங்கள விட்டுக் கப்பல் கட்டினா அப்படித்தான்... அப்புறம்? உடைச்சது நல்லதுன்னீங்களா?

தம்பி, நீங்க அந்தக் கப்பல்ல இருந்தீங்களா? இல்லல்ல. அப்ப வாய மூடுங்க. நான் திட்டுறது வேற. நான் அதுல ரெண்டு வருஷம் உயிரோட இருந்தவன். டிசம்பர்ல ஒரு புயல் அடிச்சுது தெரியுமா? மலை மாதிரி அலை. விமானமெல்லாம் கட்ட அறுத்துக்கிட்டுக் கூடத்துல மோதுது. எங்க கண்ணு முன்னாடி பக்கத்துல வந்த கப்பல் காணாமப் போச்சு. மெர்ல் என் சட்டையப் புடிச்சுக்கிட்டு, ஒட்டு விட்டுரும் தாத்தா, ஒட்டு விட்டுரும்னு அழறான். நான் போயி சுவத்துல ஒரு வெல்டு மேல உள்ளங்கைய வச்சேன். எந்தப் பொம்பளை ஒட்டினதோ எனக்குத் தெரியாது. ஹில்யாதுன்னு நெனைச்சுக்கிட்டேன். கை கீழ கப்பலே முறுக்குது, அந்தக் கோடு மட்டும் அசையல. புயல் ஓயுற வரைக்கும் கைய எடுக்கல நான். மெர்லோட கையையும் புடிச்சு அது மேல வச்சேன். "இது எம் பொண்டாட்டி ஒட்டினதுடா, விடாது"ன்னேன். அன்னைக்கப்பறம் அவன் அந்த வார்த்தைய எடுக்கல. நான்தான் விடாமச் சொல்லிட்டிருக்கேன், பழக்க தோஷம்.

அவ்வளவு ஏன், உடைக்கிற எடத்துல ஒரு தடியன், வாயில அணைஞ்ச சுருட்டு, அடிவயித்த அறுத்துட்டிருந்தான். தகடு சுலபமா வருது, இந்த வெல்டுத் தையல்தான் வர மாட்டேங்குது, காஸ் பூரா இதுக்கே தீருது, எவன்யா இத ஒட்டினதுன்னு என்னப் பாத்துக் கத்தினான். எம் பொண்டாட்டின்னு அவன்கிட்ட சொல்லாமயே பஸ் ஏறி வந்துட்டேன். வீட்டுலயும் சொல்லல. எப்படிச் சொல்றது, இத்தனை வருஷமா...

எங்க போறீங்க? தம்பி... பலகை... குனிங்க, குனிங்க. இடிச்சுக்கிட்டாரு.

படகுக்கு நேரம் இருக்குங்க. ஏங்க...

போகட்டும். ட்ரக் சீட்டு நீலமாகும் அவனுக்கு. பேண்டத் தட்டிக்கிட்டே போறான் பாரு, ஒரு நல்ல சவுனாவுக்குக் குடுத்து வைக்...

ஹில்யா.

எத்தன நேரமா நிக்கிற? அவரா... அவரு போயிட்டாரு. நான் வெரட்டல. சரி, கொஞ்சம் வெரட்டினேன். அவரு பேசின பேச்சு அப்படி. உங்கண்ணன வரச் சொல்லு, கோடாலிய எடுத்துட்டு வரட்டும், நானே எறக்கி... என்ன, எல்லாத்தையும் கேட்டியா? புயல் கதையுமா?

அது என்ன கையில? பழைய துண்டா? அது நீலந்தான... ஓ. எலைக் கத்தையும் கொண்டு வந்திருக்க. அப்ப இந்தச் சனிக்கிழமை ஊர்ஹோ வீட்டுக்குப் போகல? சம்பந்தி வர்றாங்களே அடுத்த வாரம்... அவங்களுக்கு ஊர்ஹோ வீட்டுச் சவுனாவா. நல்ல யோசனை. எனக்கு அது தோணல.

இரு, அடுப்புல ரெண்டு கட்டை போடறேன். நீ அந்தப் பக்கம் உக்காரு, அங்க இரும்புப் பட்டை இல்ல. நான் வாயே திறக்கல, சத்தியமா. திறந்தா அந்த வாளித் தண்ணிய என் தலையில கவுத்திரு.

என்ன?

அதே கேள்வியா? முங்கல, ஹில்யா.

என்ன அப்படிப் பாக்குற? அவ்வளவுதான். ஆனா கீனா எல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணிய ஊத்து.